ஓட்டை அடைபட்ட கதை

புதுப் போன் வாங்கேக்குள்ள கமரா எத்தனை மெகாபிக்சல், பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்கிறோம். ஹெட்போன் செருகுகிற ஓட்டை இருக்கா என்று இப்போது நாங்கள் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனால் கையில் இருக்கிற கருவியிலிருந்து எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதை அந்த 3.5 மில்லிமீற்றர் ஓட்டையின் வரலாறு நன்றாகவே சொல்கிறது.

அந்த ஓட்டைக்கு ரேடியோவை விட வயது கூட. 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதலாவது வணிகத் தொலைபேசி நிலையம் தொடங்கியது. பின்னர் வந்த நிலையங்களில் ஒரு இணைப்பை இன்னொன்றோடு சேர்க்க, வயர் முனையிலிருந்த செருகியைப் பலகை ஓட்டைகளில் குத்தினார்கள். அந்தக் கால் அங்குலச் செருகிதான் இன்றும் எலெக்ட்ரிக் கிற்றாரில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் காலத்தில் அதன் சிறிய வடிவமான 3.5 மில்லிமீற்றர் பரவியது. 1979இல் வந்த சொனியின் முதல் வோக்மனில் இரண்டு ஓட்டைகள். இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்கலாம்!

இந்த ஓட்டை எந்தவொரு கொம்பனிக்கும் சொந்தமாக இருக்கவில்லை. அதனால் தயாரித்தவர்கள் நினைக்காத வேலைகளுக்கெல்லாம் ஆட்கள் அதைப் பாவித்தார்கள். 2010இல் அமெரிக்காவில் 'ஸ்குவெயர்' என்ற நிறுவனம் வங்கி அட்டையைத் தேய்க்கும் சின்னக் கருவியொன்றை அந்த ஓட்டையில் செருகியது. அட்டையின் காந்தப் பட்டை கசற் நாடா மாதிரித்தான்; அதிலுள்ள தகவல் ஒலிச் சமிக்ஞையாகப் போனுக்குள் போனது. செல்ஃபி குச்சியின் பொத்தானும் இதே வழியால் வேலை செய்தது. எஃப்.எம். ரேடியோவுக்கு ஹெட்போன் வயரே அன்ரெனா. இணையம் விழுந்துபோன வெள்ளக் காலத்திலும் அந்த வயரால் செய்தி கேட்கலாம்.

இந்த மாதிரி வேலை வாங்குவது எங்கட ஊருக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். ரேடியோவைத் திறந்து இரண்டு வயரைக் கொழுவ முடிந்ததால்தான் அது சாத்தியமானது.

2016 செப்ரெம்பரில் ஐபோன் 7இலிருந்து அப்பிள் அந்த ஓட்டையை எடுத்தது. அதற்கு மேடையில் சொன்ன காரணங்களில் ஒன்று 'துணிச்சல்'. அதே மேடையில் 159 டொலருக்கு வயரில்லாத ஏர்பொட்ஸும் அறிமுகமானது. அப்பிளை விளம்பரத்தில் நக்கலடித்த சாம்சங், 2019இல் நோட் 10இலிருந்து தானும் ஓட்டையை எடுத்தது.

வயரில்லாமல் கேட்பது சுகம்தான், நாங்களும் கேட்கிறோம். ஆனால் அதற்குள் இருப்பது தேய்ந்துபோகிற பற்றரி. திருத்தும் வசதிக்காகக் கருவிகளுக்குப் புள்ளி போடும் ஐஃபிக்சிற் ஏர்பொட்ஸுக்குக் கொடுத்தது பத்துக்குப் பூச்சியம். வயர் அறுந்த ஹெட்போனை ஈயம் வைத்து ஒட்டலாம். இதைத் தூக்கி எறியத்தான் வேணும்.

பொதுவான ஓட்டையைச் சட்டத்தாலும் கொண்டுவரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கப்படும் புதிய போன்களுக்கு யூ.எஸ்.பி-சி கட்டாயம். அந்தச் சட்டம் 2022இல் நிறைவேறியது. அப்பிள் 2023இலேயே ஐபோன் 15இல் மாறிவிட்டது. அங்கே போட்ட சட்டத்தால் இங்கேயும் ஒரே சார்ஜர் பல போன்களுக்குப் போதுமாகியிருக்கிறது.

அதனால் அடுத்த முறை போனோ ஸ்மார்ட்வோட்சோ வாங்கும்போது மெகாபிக்சலோடு இன்னும் மூன்றைக் கேட்போம்: இதில் என்னவெல்லாம் கொழுவலாம்? பற்றரியை மாற்றலாமா? வேறு கொம்பனியின் சாமானோடு இது சேருமா? கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை, கேட்போம்.