இறங்கி வந்தவரும் பின்னே வந்தவரும்

நான் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாளில், சரித்திர பாடத்தில் ஒரு வாக்கியம் என்னைத் திகைக்க வைத்தது. இன்னார் இன்ன அரசனிடமிருந்து 'இறங்கினார்' என்பதே அதன் நேர்ப்பொருள். மலைச்சரிவில் இறங்குவதற்கும் அதே சொல்லைத்தான் பூகோள பாடத்தில் படித்திருந்தேன். "அரசனுடைய தோளிலிருந்தா இறங்கினார்?" என்று உபாத்தியாயரைக் கேட்டேன். வகுப்பு முழுதும் நகைத்தது. 'டிஸெண்ட்' என்பதற்கு வம்சவழி என்னும் பொருளும் உண்டு என அவர் விளக்கினார். ஆயினும், பிறப்பைக் கூற வந்த சொல் இறக்கத்தைக் கூறுவானேன் என்னும் ஐயம் தீரவில்லை. தோட்டத்துக் காரியாலயத்தில் 'இன்னார் மகன் இன்னார்' என்று செக்ரோல் எழுதுவதே தொழிலாகிய பின், அவ்வையம் மீண்டும் தலைகாட்டிற்று. ஆராய்ந்து அறிந்தவற்றை நேயர்கள் முன் வைக்கின்றேன்.

அச்சொல்லின் தாய்வீடு லத்தீன் மொழியாகும். அம்மொழியில் ஏறுதலைக் குறிக்கும் 'ஸ்காந்தெரே' என்னும் வினையின் முன் 'தே' என்பது சேர, 'தேஸ்கெந்தெரே' என இறங்குதலைக் குறிக்கும் வினை பிறந்தது. அதனையே பிரெஞ்சுக்காரர் 'தெஸாந்த்ர்' என வழங்குகின்றனர். ரயிலை விட்டு இறங்குவோருக்கும், ஒரு வம்சத்தில் தோன்றியோருக்கும் அவர்களிடத்தில் வினை ஒன்றே. உறவின் நெருக்கத்தை அளக்க அவர்கள் கையாளும் சொல்லும் படிக்கட்டின் படியைக் குறிப்பதே. முன்னோர் மேற்படியிலும் பின்னோர் கீழ்ப்படியிலும் நிற்பதாக அவர்கள் கண்டனர் என்க. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டமும் நேர்வழி உறவை ஏறுவரிசை, இறங்குவரிசை என்றே பகுத்தது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். நிலமும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசும் பிரபுக்களின் வசமாயின. ஒன்றிலிருந்து கிளம்பி வருவது என்று பொருள்படும் 'ஆஃப்ஸ்ப்ரிங்' என்னும் பழஞ்சொல் ஆங்கிலேயருக்குச் சொந்தமாக இருந்தது. அது வீட்டுக் குழந்தைக்கும் தொழுவத்துக் கன்றுக்கும் பொதுவாக நின்றுவிட, சொத்துரிமை பேசும் இடத்தில் 'டிஸெண்ட்' என்னும் வந்தேறிச் சொல்லே அரியணை ஏறியது.

உவமை அத்துடன் நில்லாது சட்டமும் ஆயிற்று. 13ஆம் நூற்றாண்டில் பிராக்டன் என்னும் நீதிபதியின் பெயரால் வழங்கிய நூல், கனமான பொருள் கீழே விழுவது போலச் சொத்துரிமையும் நேர்கோட்டில் இறங்குமேயன்றி மீண்டும் ஏறாது என்றது. இதன் பயன் யாது? பிள்ளையில்லாத மகன் உயில் எழுதாது இறப்பானாயின், அவன் நிலம் பெற்ற தகப்பனைச் சேராது. சிற்றப்பனைச் சேரினும் சேரும்! இவ்விதிக்கு நிலமானிய முறையில் வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் கல் மேல்நோக்கி விழாது என்னும் உவமையே நியாயமாக நின்றது. 1833ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமே தகப்பனுக்கு வழிவிட்டது.

நிற்க. ஜெர்மானியர் வேறுவிதமாகக் கண்டனர். சந்ததியாரை 'நாக்கொம்மென்', அதாவது பின்னே வருவோர் என்பர். முன்னோரை முன்னே சென்றோர் என்பர். இங்கே படி இல்லை, பாதையே உண்டு. முன் சென்றவரும் பின் வருபவரும் ஒரே தரையில் நடக்கின்றனர். பிறப்புவழியைக் குறிக்க அவர்களிடம் 'அப்ஷ்டம்முங்' என்னும் மற்றொரு சொல்லும் உண்டு. அதனுள் இருக்கும் 'ஷ்டம்' என்பது அடிமரம்.

1871இல் சார்ல்ஸ் டார்வின், மனிதனின் தோற்றத்தைப் பற்றிய தம் நூலுக்கு 'டிஸெண்ட்' என்னும் சொல்லையே தலைப்பில் வைத்தார். அவ்வாண்டிலேயே அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்த காருஸ், 'அப்ஷ்டம்முங்' என்று தலைப்பிட்டார். மறு ஆண்டு வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்போ இறக்கச் சொல்லையே ஏற்றது. மக்கள் இனங்கள் யாவும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை என்னும் டார்வினின் கருத்துக்கு அடிமரம் என்னும் சொல் எத்துணைப் பொருத்தம்!

ஆனால் அச்சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். 1933 ஏப்ரல் 7ஆம் நாள் ஹிட்லர் அரசாங்கம் 'ஆரியரல்லாத' உத்தியோகஸ்தர்களை நீக்கச் சட்டம் செய்தது. நான்கு நாள் கழித்து, ஆரியரல்லாதார் யார் என்பதை ஒரு விதியால் வரையறுத்தது. அவ்விதியின் வினைச்சொல், 'அப்ஷ்டம்முங்' பிறந்த அதே வினையே. பெற்றோரிலோ, பாட்டன் பாட்டிமாரிலோ ஒருவர் ஆரியரல்லாதவராயின் அதுவே போதும் என்றது அவ்விதி. மக்கள் பாட்டியின் பிறப்புச் சான்றைத் தேடி அலைந்தனர். 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. பின்னர் ஏறக்குறைய 60 லட்சம் யூதர் கொல்லப்பட்டனர். ஒரே அடிமரம் என்று காட்டிய சொல்லே கோடரிக்காம்பு ஆயிற்று!

ஆகவே, நற்சொல் வாய்த்ததனால் மட்டும் ஒரு சமூகம் நல்வழி நின்றுவிடாது என்பது தெளிவு. நம் மொழியையே பாருங்கள். வழித்தோன்றல், கால்வழி, கொடிவழி என்கிறோம். பாதையும் கொடியும் உண்டே தவிர, இவற்றில் எங்கேனும் படிக்கட்டு உண்டா? சொல்லில் இல்லாத படிக்கட்டை நாமே கட்டி, மேற்குலம் என்றும் கீழ்க்குலம் என்றும் பெயரிட்டு, அதன்மீது மனிதரை நிறுத்தி வைத்தோம். பிறர் சொல்லில் குற்றம் காணும் நாம், நம் செயலை எச்சொல்லால் மறைப்போம்?

என் செக்ரோலில் இன்றும் 'இன்னார் மகன்', 'இன்னார் மகள்' என்றே எழுதுகிறேன். அது ஆளை அடையாளம் காண்பதற்கு மட்டுமே. அப்பெயருக்கு நேரே நான் குறிப்பது, அவர் அன்று செய்த வேலையை. மனிதனை அளக்க அக்கணக்கும் போதாதுதான். ஆயினும், பாட்டன் நின்ற படியைக் கொண்டு பேரனை அளப்பதினும் அது நேர்மையானது.