முடிந்ததா, தொடர்கிறதா? ஆங்கில நிறைவு நிகழ்காலமும் நம் தமிழும்

மலேசியாவின் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே முதிய ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த கன்றுகளை 1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ இவ்வூரில் நட்டார். அவற்றுள் எஞ்சியது இம்மரம் என்று போற்றப்படுகிறது. நம் முன்னோரில் பெரும்பாலோர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தது ரப்பரை நம்பித்தான். இம்மரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னால், 'ஹியூ லோ பிளான்டட் இட் இன் 1877' என்பதை நம் மாணவர்கள் சரியாக எழுதிவிடுவார்கள். அடுத்த வாக்கியம் பலருக்கும் 'த ட்ரீ இஸ் ஸ்டாண்டிங் ஹியர் சின்ஸ் 1877' என்று வந்து விழும். அங்கே வரவேண்டியது 'ஹேஸ் ஸ்டுட்'.

இப்பிழையைச் சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. பிள்ளை தமிழில் சரியாகச் சிந்தித்ததால் வந்த பிழை இது. '1877 முதல் நிற்கிறது' என்பது தமிழில் குறையற்ற வாக்கியம். தொடங்கிய காலத்தை 'முதல்' என்ற சொல்லே சுமந்துகொள்வதால் வினை நிகழ்காலத்தில் இருந்தால் போதும். ஆங்கிலத்துக்கு அது போதாது. முன்பு தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்கு அது தனி வினைவடிவம் கேட்கிறது. அதுவே பிரசென்ட் பெர்ஃபெக்ட் எனப்படும் நிறைவு நிகழ்காலம்.

வகுப்பறைகளில் இதை அடையாளச் சொற்களின் பட்டியலாகக் கற்பிப்பது வழக்கம். சின்ஸ், ஃபார், ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் ஆகியவற்றைக் கண்டால் ஹேவ் அல்லது ஹேஸ் போடு என்பார்கள். தேர்வுத்தாளில் கோடிட்ட இடத்தை நிரப்ப இது உதவலாம். சொந்தமாக நான்கு வரி எழுத உட்காரும்போது கைவிட்டுவிடும். இந்த வடிவத்தின் உயிர்நிலை அதன் பெயரிலேயே உள்ளது: இது நிகழ்காலத்தைச் சேர்ந்தது. பேசுபவர் இன்றில் நின்றுகொண்டு, முன் நடந்த ஒன்றை இன்றோடு சேர்த்துப் பார்க்கிறார். அந்தச் சேர்க்கை மூன்று வகையில் அமையும். நடந்ததன் விளைவு இன்று இருக்கலாம். அது இன்றைய மனிதரின் அனுபவமாக இருக்கலாம். அல்லது செயலே இன்னும் முடியாமல் தொடரலாம்.

இம்மூன்றும் நம் வாயில் நாள்தோறும் புழங்குபவை. ஈப்போவில் யாரைச் சந்தித்தாலும் முதற்கேள்வி 'சாப்பிட்டாச்சா?' என்பதுதான். மலாய் நண்பர் 'சூடா மாக்கான்?' என்பார். இரண்டு கேள்விக்கும் சாப்பிட்ட நேரம் பொருட்டன்று. இப்போது வயிறு நிறைந்திருக்கிறதா என்பதே பொருட்டு. 'ஹேவ் யூ ஈட்டன்?' என்பதும் அதே கேள்வி. 'வந்துவிட்டார்', 'முடித்துவிட்டேன்' என்று நாம் விளைவைச் சொல்லும் இடங்கள் பெரும்பாலும் இவ்வடிவத்துக்கு உரியவை. அனுபவத்துக்கு 'பினாங்குக்குப் போயிருக்கிறேன்', 'போனதுண்டு' என்கிறோம். மலாயில் 'பெர்னா' இதே வேலையைச் செய்கிறது. தொடர்ச்சிக்கு 'பத்தாண்டாக வேலை செய்து வருகிறேன்' என்கிறோம். மும்மொழி பயிலும் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு நிறைவு நிகழ்காலம் அந்நியப் பொருளன்று. அதன் கூறுகளைத் தமிழ் பல வடிவங்களில் பகிர்ந்து வைத்திருக்கிறது; ஆங்கிலம் ஒரே வடிவத்தில் திரட்டி வைத்திருக்கிறது.

நம் இலக்கண மரபும் இதற்குத் துணை நிற்கும். தொல்காப்பியம் காலம் மூன்று என வகுத்தது. நன்னூல் நிகழ்கால இடைநிலைகளாக ஆநின்று, கின்று, கிறு ஆகியவற்றைச் சொன்னது. ஆநின்று என்பதில் 'நில்' என்னும் வினை தெரிகிறது. வினையோடு வினையைச் சேர்த்துக் காலத்தின் நுட்பத்தைக் காட்டுவது தமிழுக்குக் கைவந்த கலை. இரு, விடு, வா என்னும் துணைவினைகளை இன்றும் அப்படித்தான் ஆள்கிறோம். ஆங்கிலம் அதே பணிக்கு ஹேவ் என்ற வினையைத் துணையாக்கிக்கொண்டது.

ஆயினும் தமிழ் நம்மை வழிதவறச் செய்யும் இடங்களும் உண்டு. 'முதல்' என்பதோடு நிகழ்காலம் சேர்வதை மேலே கண்டோம். இன்னொன்று இதனினும் நுட்பமானது. பத்து காஜா அருகே, வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகை இருக்கிறது. அவர் 1926-இல் லிஸ்பனில் இறந்தார். மாளிகையைச் சுற்றிப் பார்க்கும் தமிழர் ஒருவர், 'எவ்வளவு பெரிதாகக் கட்டியிருக்கிறார்!' என்று வியப்பது இயல்பு. கண்முன் நிற்கும் தடயத்தைக் கொண்டு நடந்ததை உணர்ந்து சொல்வதற்கும் தமிழில் 'இருக்கிறார்' உதவுகிறது. அதனால்தான் 'நேற்று வந்திருக்கிறார்' என்றும் நம்மால் சொல்ல முடிகிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. நேற்று என்று நாள் குறித்துவிட்டால் 'கேம்' என்ற இறந்தகாலமே வரும். மறைந்த ஒருவரின் அனுபவத்தை 'கெல்லி ஸ்மித் ஹேஸ் லிவ்ட் இன் பத்து காஜா' என்று எழுதினால், அவர் இன்னும் உயிரோடிருப்பதாகப் பொருள்படும். மொழியியலறிஞர் நோம் சாம்ஸ்கி இதே நுட்பத்தை ஐன்ஸ்டைனையும் பிரின்ஸ்டனையும் கொண்டு சுட்டிக்காட்டியது துறையில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

அடையாளச் சொல்லை மட்டும் நம்பினால் என்னாகும் என்பதற்குத் தோட்டப்புற வாழ்க்கையே சான்று. 'மை ஃபாதர் ஒர்க்ட் ஆன் திஸ் எஸ்டேட் ஃபார் தேர்ட்டி இயர்ஸ்' என்றால், அப்பா முப்பது ஆண்டு பால்மரம் சீவினார், இப்போது அவ்வேலையில் இல்லை. 'ஹேஸ் ஒர்க்ட்' என்றால், நாளைக் காலையும் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போவார். இரண்டிலும் 'ஃபார்' இருக்கிறது. பிரித்துக் காட்டுவது வினை ஒன்றுதான். பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நம் மக்களை அலைக்கழித்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோற்றுவித்தது முடிந்த செயல், ஆகவே 'ஃபவுண்டட்'. சங்கம் அறுபதுகள் தொட்டு இன்றுவரை தோட்டங்களை உடைமையாகக் கொண்டிருப்பது முடியாத செயல், ஆகவே 'ஹேஸ் ஓன்ட்'.

இதை ஏட்டு நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்த நிலத்தில், லயம் எனும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பம் நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுவதாகக் கொள்வோம். 'வி ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் த்ரீ ஜெனரேஷன்ஸ்' என்று எழுதினால், நாங்கள் இன்றும் இங்கே இருப்பவர்கள் என்பது அதில் அடங்கிவிடுகிறது. 'வி லிவ்ட் ஹியர்' என்றால், அந்த வாழ்வு முடிந்துபோனதாகத் தாங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

ஆங்கிலமும் தமிழும் நம்மிடையே தனித்தனிப் பள்ளிகளில் வளர்ந்த வரலாறு உண்டு. ஈப்போவில் ஆங்கிலோ-சைனீஸ் பள்ளி (ஏ.சி.எஸ்.) 1895-இலும், ஆண்டர்சன் பள்ளி 1909-இலும், செயின்ட் மைக்கேல் 1912-இலும் தோன்றின. பட்டணத்தில் ஆங்கிலவழிக் கல்வி அவ்வாறு வளர்ந்தபோது, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்கள் மீது சுமத்திய கடமையால் பெருகிய தோட்டப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் தமிழ் கற்றார்கள். அத்தமிழ் ஆங்கிலத்துக்குத் தடை என்ற எண்ணம் இன்னும் சில பெற்றோரிடம் உண்டு. நிறைவு நிகழ்காலம் அந்த எண்ணத்தை மறுக்கிறது. ஆச்சு, விட்டது, உண்டு, வருகிறேன் ஆகியவற்றின் வேறுபாட்டைத் தெளிவாக அறிந்த மாணவருக்கு ஆங்கில வடிவத்தின் பொருள் பாதி விளங்கிவிடும். மீதி, இரு மொழிகளும் பிரியும் இடங்களை எடுத்துக்காட்டும் ஆசிரியரின் கையில் இருக்கிறது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து இப்பாடத்தைத் திட்டமிட வேண்டும் என்பதே இம்மலரின் வழியாக நம் பள்ளிகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள்.