குடலுக்குத் தமிழ் சொன்ன வைத்தியர்

சிங்கப்பூரில் 1905-இல் தோன்றிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் போதித்தது. அதற்கு வெகு முன்பே, 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே உடற்கூறு கற்பித்தார். 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் தமிழ் நூலும் வெளிவந்தது.

உடற்கூறு கூறுவதென்ன? பெருநாடியின் மூன்று கிளைகள் இரைப்பைக்கும் குடலுக்கும் இரத்தம் ஊட்டுகின்றன. உணவுச் சாரம் ஏற்ற இரத்தம் முதலில் ஈரலை அடைகிறது. மூளையினின்று இறங்கும் நரம்பு இரைப்பையின் அசைவை ஏவுகிறது.

இவற்றை ஆங்கிலம் பயின்ற கிராணிமாராகிய நாம் ஆங்கிலத்தில் ஒப்பிப்போம். வயிற்றைப் பிடித்து நிற்கும் தொழிலாளிக்குத் தமிழில் சொல்ல நாவெழாது. அவர் பூசாரியை நாடுவார்.

தமிழில் சொல் இல்லையென்பது வீண்சாக்கு. கடல் கடந்து வந்தவர் கற்றுச் சொன்னதை, அம்மொழியிற் பிறந்த நாம் சொல்லக் கூசலாமா?