நீச்சல் குள நீரடி விளக்குகளும் மின்கம்பிகளும்: மாற்றங்களின் வரலாறு

நீரடி விளக்கு என்பது நீச்சல் குளத்தின் பக்கச் சுவரில், நீர்மட்டத்திற்குக் கீழே பொருத்தப்படும் மின்விளக்கு ஆகும். இரவில் குளத்தின் அடித்தளம் தெரிவதற்கும் நீந்துபவரைக் கரையில் இருப்பவர் கவனிப்பதற்கும் அழகிற்கும் இது பயன்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செல்வந்தர் மாளிகைகளில் தோன்றிய இவ்விளக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வீட்டுக் குளங்கள் பெருகியபோது பரவலானது. நீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேர்வதால் நேர்ந்த உயிரிழப்புகள், இவ்விளக்குகளின் அமைப்பையும் கம்பியிடும் முறையையும் பலமுறை மாற்றின. இக்கட்டுரை பெரும்பாலும் அமெரிக்க அனுபவத்தை ஒட்டி அம்மாற்றங்களை விவரிக்கிறது.

தொடக்கம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில் நகருக்கு அருகில் ஜார்ஜ் வாண்டர்பில்ட் கட்டிய பில்ட்மோர் மாளிகை 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட் வடிவமைத்த அம்மாளிகையின் கீழ்த்தளத்தில் 70,000 கேலன், அதாவது ஏறத்தாழ 2.65 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள நீச்சல் குளம் ஒன்று உள்ளது. அதில் நீரடி விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. பெரும்பாலான அமெரிக்க வீடுகளுக்கு மின்சாரமே வராத காலம் அது.

அடுத்த அரை நூற்றாண்டுக்கு நீரடி விளக்கு விடுதிகளுக்கும் பெருஞ்செல்வர் வீடுகளுக்கும் உரியதாகவே இருந்தது. 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நிலத்தில் தோண்டிக் கட்டப்பட்ட வீட்டுக் குளங்கள் சில ஆயிரங்களே. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அவற்றின் எண்ணிக்கை பல லட்சங்களைத் தாண்டியது. கம்பி வலையின்மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சிக் குளம் அமைக்கும் முறை செலவைக் குறைத்ததும், புறநகர்க் குடியிருப்புகள் வளர்ந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். அக்குளங்களில் பலவற்றில் 120 வோல்ட் மின்சாரத்தில் எரியும் 300 முதல் 500 வாட் வரையிலான இழை விளக்குகள் பொருத்தப்பட்டன.

ஈர மாடக்குழி

இக்காலத்தில் நிலைபெற்ற அமைப்பு 'ஈர மாடக்குழி' எனப்படுவது. குளம் கட்டும்போதே கிண்ண வடிவ உலோகக் கூடு ஒன்று சுவரின் கான்கிரீட்டில் பதிக்கப்படும். அதன் பின்புறத்திலிருந்து ஒரு குழாய் தரைக்கு அடியில் சென்று கரையிலுள்ள இணைப்புப் பெட்டியில் முடியும். கண்ணாடி, ரப்பர் வளையம், உலோக உறை ஆகியவற்றால் நீர் புகாதபடி மூடப்பட்ட விளக்கு அந்தக் கூட்டினுள் அமரும்.

விளக்கு நீர் புகாதது என்றாலும் மாடக்குழி நீரால் நிரம்பியே இருக்கும். விளக்கின் வெப்பத்தைத் தணிப்பது அந்த நீர்தான். நீரின்றிச் சிறிது நேரம் எரிந்தாலே பழைய இழை விளக்குகளின் கண்ணாடி விரிசலடையக்கூடும். மாடக்குழியில் உள்ள நீர் குழாய்க்குள்ளும் ஏறி, குளத்தின் நீர்மட்டம் வரை நிற்கும். இதனால்தான் இணைப்புப் பெட்டி குளத்தின் உச்ச நீர்மட்டத்திலிருந்து குறைந்தது 8 அங்குலம் உயரத்திலும், கரையோரத்திலிருந்து 4 அடி தள்ளியும் இருக்க வேண்டும் என அமெரிக்க விதிகள் கூறுகின்றன.

பழுதுபார்ப்பதற்கும் இவ்வமைப்பு வழி செய்தது. விளக்கின் கம்பி தேவைக்கு மேல் நீளமாக விடப்பட்டு, மாடக்குழிக்குள் சுருட்டி வைக்கப்படும். முகப்பு வளையத்தின் திருகாணியைக் கழற்றினால் விளக்கைக் கம்பியோடு கரைக்குத் தூக்கிவிடலாம். குளத்து நீரை வெளியேற்ற வேண்டியதில்லை. பல்பையும் ரப்பர் வளையத்தையும் கரையில் வைத்தே மாற்ற முடிந்தது.

இவ்வாறு நீரடி விளக்கு இரு பகுதிகளாகப் பிரிந்தது. ஒன்று, எளிதில் வெளியே எடுத்து மாற்றக்கூடிய விளக்கு. மற்றொன்று, கான்கிரீட்டுக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கூடு, குழாய், எர்த் கம்பி ஆகியவை. விளக்குகள் பலமுறை மாறிய பின்பும் புதைந்த பகுதி பல பத்தாண்டுகள் அப்படியே நீடித்தது. பழைய குளங்களின் ஆபத்து பெரிதும் இப்பகுதியைச் சார்ந்ததாகும்.

உயிரிழப்புகளும் அவற்றின் காரணமும்

ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். குளோரின் கலந்த நீர் கசிந்து விளக்கினுள் சென்றால், மின்சாரம் பாயும் பகுதியிலிருந்து உலோக உறைக்கும் நீருக்கும் மின்கசிவு ஏற்படும். எர்த் இணைப்பு நல்ல நிலையில் இருந்தால் அது மின்னோட்டத்தைத் தன்வழி கடத்தி, பியூசையோ பிரேக்கரையோ துண்டிக்கச் செய்யும். அந்த இணைப்பு அரித்துப்போயிருந்தால் உலோக உறை மின்னேற்றத்துடனேயே நிற்கும்.

சாதாரண பியூசும் பிரேக்கரும் கம்பி சூடாகித் தீப்பிடிப்பதைத் தடுக்க உருவானவை. 15 அல்லது 20 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் சென்றால்தான் அவை செயல்படும். மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதுமானது. அதைவிடக் குறைந்த மின்னோட்டமும் தசைகளை இறுக்கி நீந்த முடியாமல் செய்துவிடும். அத்தகைய மரணம் வெளிப்பார்வைக்கு நீரில் மூழ்கிய மரணமாகவே தோன்றும்.

டால்சீலின் ஆய்வுகள்

மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதை அளவிட்டவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல் (1904–1986). தன்னார்வலர்கள் கையில் ஒரு கம்பியைப் பிடித்திருக்க, மின்னோட்டம் சிறிது சிறிதாகக் கூட்டப்பட்டது. தம் விருப்பப்படி கையை விடுவிக்கக்கூடிய உச்ச அளவை அவர் 'விடுபடு மின்னோட்டம்' எனக் கொண்டார். 134 ஆண்களிடமும் 28 பெண்களிடமும் அவர் பெற்ற அளவீடுகள் பின்னாளில் பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படையாயின. இவற்றின்படி ஆண்களில் 99.5 விழுக்காட்டினர் 9 மில்லிஆம்பியரிலும், பெண்களில் அதே விழுக்காட்டினர் 6 மில்லிஆம்பியரிலும் கையை விடுவிக்க முடியும்.

1961ஆம் ஆண்டு டால்சீல் மின்கசிவு முறிப்பான் ஒன்றை உருவாக்கினார். அமெரிக்காவில் இது ஜி.எஃப்.சி.ஐ. எனப்படுகிறது. இந்திய வீடுகளில் ஆர்.சி.சி.பி. எனப் பொருத்தப்படும் கருவியும் இதே கொள்கையில் இயங்குவதாகும். விளக்குக்குச் செல்லும் கம்பியும் திரும்பி வரும் கம்பியும் ஒரே காந்த வளையத்தின் வழியாகச் செல்கின்றன. இரண்டிலும் மின்னோட்டம் சமமாக இருந்தால் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். ஒரு பங்கு நீர் வழியாகவோ உடல் வழியாகவோ நிலத்திற்குச் சென்றால் சமநிலை குலையும். அந்த வேறுபாட்டை டிரான்சிஸ்டர் பெருக்கி, மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும். 5 மில்லிஆம்பியர் அளவிலேயே, நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் இது செயல்பட்டுவிடும்.

இக்கொள்கை அதற்கு முன்பே வேறிடங்களில் கையாளப்பட்டது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் 1950களில் இத்தகைய கருவியை வடிவமைத்திருந்தார். மிகச் சிறிய மின்கசிவையும் டிரான்சிஸ்டரின் துணையால் உணரச் செய்தது டால்சீலின் பங்களிப்பு.

விதிகளின் வளர்ச்சி

அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பு முதன்முதலில் 1897ஆம் ஆண்டு வெளியானது. நீச்சல் குளங்களுக்கென 680ஆம் பிரிவு 1962ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டது. 1968ஆம் ஆண்டுப் பதிப்பு நீரடி விளக்குகளுக்கு மின்கசிவு முறிப்பானைக் கோரியது. வீட்டின் வெளிப்புற மின்செருகிகளுக்கு 1973ஆம் ஆண்டும், குளியலறைகளுக்கு 1975ஆம் ஆண்டும், சமையலறைகளுக்கு 1987ஆம் ஆண்டும் இத்தேவை விரிவடைந்தது. இன்று வீடெங்கும் உள்ள இப்பாதுகாப்பை அமெரிக்க விதிகள் முதலில் கோரிய இடம் நீச்சல் குள விளக்குதான்.

புதிய விதிகள் பொதுவாகப் புதிய குளங்களுக்கே பொருந்தின. ஏற்கெனவே கட்டப்பட்டவை பழைய நிலையிலேயே தொடர்ந்தன. அவற்றில் 5 மில்லிஆம்பியர் முறிப்பானைப் பொருத்துவதிலும் சிக்கல் இருந்தது. நீரில் ஊறி முதிர்ந்த விளக்குகளின் இயல்பான கசிவே அதைத் துண்டிக்கப் போதுமானதாக இருந்தது. எனவே 1965ஆம் ஆண்டு விதித்தொகுப்பு நடைமுறைக்கு வருமுன் பொருத்தப்பட்ட நீரடி விளக்குகளுக்கென, 20 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் 'பி' வகை முறிப்பான் தனியாக வகுக்கப்பட்டது. இவ்வளவு டால்சீல் கண்ட பாதுகாப்பான எல்லையைப் போல இரு மடங்குக்கும் மேல். பாதுகாப்பே இல்லாதிருப்பதைவிட இது மேல் என்ற அளவில் செய்யப்பட்ட சமரசம் அது.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட எச்சரிக்கையில், முந்தைய 13 ஆண்டுகளில் நீச்சல் குளங்களிலும் அவற்றின் சுற்றுப்புறத்திலும் மின்சாரத்தால் 60 பேர் இறந்ததாகவும், ஏறக்குறைய 50 பேர் கடும் மின்னதிர்ச்சிக்கு உள்ளானதாகவும் தெரிவித்தது. பழுதடைந்த நீரடி விளக்குகளையும், பல ஆண்டுகள் சோதிக்கப்படாத முதிர்ந்த கம்பிகளையும் அது முக்கியக் காரணங்களில் சேர்த்தது.

12 வோல்ட் விளக்குகள்

மின்னழுத்தத்தையே குறைப்பது மற்றொரு வழி. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலைகள் குளத்தையும் சுற்றுப்புறத்தையும் 0, 1, 2 என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன. நீர் இருக்கும் 0 மண்டலத்தில் மாறுமின்னோட்டம் 12 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. ஐரோப்பாவில் 12 வோல்ட் 300 வாட் விளக்குகள் பரவலாயின.

இவ்வழியில் கம்பியே தடையாக நின்றது. 300 வாட் விளக்கு 120 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். அதே திறனுள்ள விளக்குக்கு 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் தேவை. அவ்வளவு மின்னோட்டத்தைக் கடத்தத் தடித்த கம்பி வேண்டும். தொலைவு கூடினால் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்து விளக்கு மங்கும். மெல்லிய கம்பியோடு கட்டப்பட்ட பழைய 120 வோல்ட் குளங்களைக் குறைந்த மின்னழுத்தத்திற்கு மாற்றுவது இதனால் எளிதாக இருக்கவில்லை.

இத்தடையை எல்.இ.டி. நீக்கியது. ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகியோர் உருவாக்கிய நீல எல்.இ.டி. வெண்ணிற விளக்குக்கு வழி திறந்தது. இதற்காக 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு மூவருக்கும் வழங்கப்பட்டது. 300 வாட் இழை விளக்கின் இடத்தை 40 வாட் அளவிலான எல்.இ.டி. நிரப்ப முடிந்தது. 12 வோல்ட்டில் அதற்கு ஏறத்தாழ 3.3 ஆம்பியர் போதும். மின்செலவைக் குறைக்க வந்த கண்டுபிடிப்பு, பழைய குளங்களைக் குறைந்த மின்னழுத்தத்திற்கு மாற்றும் வாய்ப்பையும் தந்தது. இம்மாற்றத்திற்குச் சாதாரண மின்மாற்றியைப் பயன்படுத்துவதில்லை. இரு சுருள்களும் முற்றிலும் பிரிக்கப்பட்ட, குளங்களுக்கென ஏற்கப்பட்ட மின்மாற்றி தேவை.

மாற்றும் முறை

பல்பை மாற்றுவதும் விளக்கை மாற்றுவதும் ஒன்றல்ல. விளக்கும் அதன் கம்பியும் தொழிற்சாலையிலேயே ஒன்றாக மூடி முத்திரையிடப்பட்டு வருகின்றன. நீருக்குள்ளோ குழாய்க்குள்ளோ கம்பியில் ஒட்டுப் போடக்கூடாது. ஆகவே விளக்கை மாற்றும்போது இணைப்புப் பெட்டி வரையிலான முழுக் கம்பியும் மாறும். மின்சாரத்தைத் துண்டித்து, அது வரவில்லை என்பதைக் கருவியால் சோதித்த பின், பழைய கம்பியின் முனையில் புதிய கம்பியையோ இழுகயிற்றையோ கட்டிக் குழாய் வழியே இழுப்பது வழக்கம். குழாய் நசுங்கியோ துருவேறியோ இருந்தால் கம்பி நகராது. அப்போது கரையின் தளத்தை உடைக்க வேண்டிவரும்.

மாடக்குழியையும் இந்த நேரத்தில்தான் பார்க்க முடிகிறது. பிளாஸ்டிக் குழாய் பயன்படுத்திய குளங்களில் உலோகக் கூட்டிற்குத் தனியாக ஒரு செப்புக் கம்பி செல்ல வேண்டும். அதன் முனை அரிக்காமலிருக்கக் கூட்டினுள் பிசின் கலவையால் மூடப்படும். அந்தக் கலவை உதிர்ந்திருந்தால் புதிய விளக்கும் பழைய ஆபத்தோடுதான் எரியும்.

விளக்கு பிளாஸ்டிக்காக மாறியதும் ஒரு விளைவை உண்டாக்கியது. முன்பு விளக்கின் உலோக முகப்பே குளத்து நீரைச் சுற்றியுள்ள உலோகப் பகுதிகளோடு மின்வழியாக இணைத்து, அவற்றிடையே மின்னழுத்த வேறுபாடு எழாமல் காத்தது. உலோகம் விலகியதும் அவ்விணைப்பும் விலகியது. 2008ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, குறைந்தது 9 சதுர அங்குலப் பரப்புள்ள கடத்தும் பொருள் ஒன்று நீரைத் தொட்டபடி இப்பிணைப்பில் இருக்க வேண்டும் எனச் சேர்த்தது.

இன்றைய நிலை

புதிய குளங்களில் குறைந்த மின்னழுத்த எல்.இ.டி. விளக்குகள் பெருகிவிட்டன. விதிகளுக்கு முன் கட்டப்பட்ட குளங்கள் பயன்பாட்டில் இருக்கும்வரை பழைய கூடுகளும் குழாய்களும் நீடிக்கும். அத்தகைய குளத்தில் புதிதாகப் பொருத்திய மின்கசிவு முறிப்பான் அடிக்கடி துண்டிக்கும்போது, அதைக் குறையுள்ள கருவி என்று கழற்றிவிடும் வழக்கம் ஆபத்தானது. பெரும்பாலும் அது தரைக்கு அடியில் தெரியாமலிருந்த கசிவைத்தான் காட்டுகிறது. கசிவின் இடத்தைத் தகுதியுள்ள மின்பணியாளர் கண்டறிந்து சரிசெய்யும்வரை விளக்கை அணைத்து, குளத்தில் இறங்காதிருப்பதே பாதுகாப்பான நடைமுறையாகும்.