நார்ம் பிறந்த கதை

வளர்ந்துவரும் குத்துச்சண்டை வீரனைப் பெரிய கையோடு எப்போது மோத விடலாம்? பயிற்சியாளர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். உக்ரைனின் வாசில் லோமசென்கோ, தொழில்முறைக்கு வந்த பிறகு தன் இரண்டாவது சண்டையிலேயே உலகப் பட்டத்துக்கு இறங்கினார். 2014 மார்ச்சில் நடந்த அந்தச் சண்டையில் ஒர்லாண்டோ சாலிடோவிடம் தோற்றார். அதே ஆண்டு ஜூனில், மூன்றாவது சண்டையில், உலகச் சாம்பியன் ஆகிவிட்டார். அமெரிக்காவின் டியான்டே வைல்டரோ பட்டச் சண்டைக்கு வருவதற்குள் 32 பேரை நாக்-அவுட் செய்திருந்தார். நம் விஜேந்தர் சிங் 2015-ல் மான்செஸ்டரில் தொழில்முறைக் கணக்கைத் தொடங்கி 12 சண்டைகளைத் தொடர்ந்து வென்றார். 2021 மார்ச்சில் கோவாவில், அதுவரை விரல்விட்டு எண்ணும் அளவே சண்டை போட்டிருந்த ரஷ்யாவின் ஆர்டிஷ் லோப்சானிடம் முதல் தோல்வியைக் கண்டார்.

மூன்று பேருக்கு மூன்று வேகம். அந்த வேகத்தை முடிவு செய்தவர்கள் பயிற்சியாளரும் மேலாளரும் சண்டையை ஏற்பாடு செய்யும் புரமோட்டரும்தான். புதியவனுக்கு நான்கு ரவுண்டு, பிறகு ஆறு, எட்டு, பத்து என்று ஒரு வரிசை அங்கேயும் உண்டு. ஆனால் அது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. எதிரே யார் நிற்க வேண்டும் என்று சொல்வதில்லை. 20-0 என்ற கணக்கைப் பார்த்து அந்த இருபது பேர் யார் என்று யாரும் உடனே கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் விளையாட்டு சதுரங்கம். அந்தச் சட்டத்தின் பெயர் நார்ம். பிள்ளையை செஸ் போட்டிக்கு அழைத்துப் போகும் தமிழ்நாட்டுப் பெற்றோர் எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும். 2023 ஜனவரியில் காரைக்குடியைச் சேர்ந்த 16 வயது மு. பிரணேஷ் இந்தியாவின் 79-வது கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, நார்ம் என்றால் என்னவென்று அந்த ஊரின் மற்றவர்களும் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

யாரை எப்போது மேலே ஏற்றுவது என்ற இந்தக் கணக்கு, காரைக்குடி இருக்கும் செட்டிநாட்டுக்கு அந்நியமானதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் கடை நடத்திய காலத்தில், ஊரிலிருந்து கப்பலேறிய பையன் முதலில் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், அதற்கும் பிறகுதான் கடைப் பொறுப்பு முழுவதும் கைக்கு வரும் மேலாள். எவ்வளவு பெரிய கடனை எந்த வயதில் ஒருவன் கையால் கொடுக்க விடலாம் என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது. சதுரங்க உலகம் அந்தத் தெளிவுக்கு வர வெகுகாலம் பிடித்தது.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை முறைப்படி முதன்முதலில் கொடுத்தது 1950-ல். 27 பேருக்குக் கொடுத்தார்கள். போட்வின்னிக், கெரஸ், ஸ்மிஸ்லோவ் போல அப்போது உச்சத்தில் இருந்தவர்களோடு, ஆட்டத்தை நிறுத்திப் பல ஆண்டுகளாகிவிட்ட அகிபா ரூபின்ஸ்டைனுக்கும் கிடைத்தது. அளவுகோல் எதுவும் கிடையாது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசிப் பெயர்களை முடிவு செய்தார்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு பெயர் இல்லை. அதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறுவதில்லை. பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்த மிர் சுல்தான் கான், இந்திய முறைச் சதுரங்கத்தில் வளர்ந்தவர். ஐரோப்பிய விதிகளைப் பிறகுதான் கற்றார். 1929-ல் லண்டன் போய் இறங்கியவர் அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 என்று மேலும் இரு முறை வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கபாபிளாங்காவையே தோற்கடித்தார். படிப்படியாக ஏற்றிவிட அவருக்கு ஆளில்லை. வந்தவுடன் உச்சத்தில் இருந்தவர்களோடு உட்கார வைத்தார்கள், அவர் ஈடுகொடுத்தார். ஆனால் 1950-ல் அவர் ஆட்டத்தை விட்டு ஊரோடு இருந்தார். பெரியவர்கள் கூடிய அறையில் அவருக்காகப் பேச யாருமில்லை. 2024 பிப்ரவரியில்தான், இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் தந்தது. எண்ணால் அளக்கும் முறை அன்றே இருந்திருந்தால், அவர் யாரோடு ஆடி என்ன எடுத்தார் என்பதே அவருக்காகப் பேசியிருக்கும்.

1950-க்குப் பிறகு விதிகள் மெல்ல வந்தன. ஒரு போட்டியில் எத்தனை கிராண்ட்மாஸ்டர்கள் ஆடுகிறார்கள் என்று எண்ணி, அதை வைத்துப் போட்டியின் கனத்தைக் கணக்கிட்டார்கள். இதில் ஒரு பெரிய ஓட்டை. முப்பது வயதில் உச்சத்தில் இருக்கும் கிராண்ட்மாஸ்டரும், கைசோர்ந்துபோன எழுபது வயதுக்காரரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

அந்த ஓட்டையை அடைத்தவர் ஓர் இயற்பியல் பேராசிரியர். 1903-ல் ஹங்கேரியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அர்பாட் ஈலோ, மில்வாக்கியில் உள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். விஸ்கான்சின் மாநிலச் சாம்பியனாகப் பல முறை வென்றவர். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-ல் அவருடைய ரேட்டிங் முறையை எடுத்துக்கொண்டது. 1970-ல் ஃபிடேயும் ஏற்றது. கணினி பரவாத காலத்தில் உலகப் பட்டியலுக்கான கணக்கை அவரே உட்கார்ந்து போட்டார்.

அவருடைய கணக்கின் உயிர் இதுதான்: வெற்றிக்குத் தனியாக மதிப்பில்லை, யாருக்கு எதிராக என்பதில்தான் மதிப்பு. இருவருக்கும் ஒரே ரேட்டிங் என்றால் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. 200 புள்ளி கூடுதலாக இருப்பவர் நூறு ஆட்டத்தில் 76 புள்ளி எடுக்க வேண்டும் என்று கணக்கு எதிர்பார்க்கிறது. அதைவிடக் கூட எடுத்தால் ஏறுவார், குறைந்தால் இறங்குவார். 2400 ரேட்டிங் உள்ள ஒருவர் 2600-காரரிடம் தோற்றால் இழப்பது 2.4 புள்ளி, டிரா செய்தால் 2.6 கிடைக்கும்; வென்றால் 7.6. அவரே 2200-காரரிடம் தோற்றால் 7.6 போய்விடும், வென்றாலும் 2.4-தான் வரும். தன்னைவிட வலுவானவரோடு மோதத் தயங்குபவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் தைரியம் சொல்ல முடியாது.

இந்த எண்கள் வந்த பிறகுதான் நார்ம் இன்றைய உருவத்தை எடுத்தது. கிராண்ட்மாஸ்டர் ஆக ரேட்டிங் 2500-ஐத் தொட வேண்டும். அதோடு, குறைந்தது 27 ஆட்டங்களை உள்ளடக்கிய நார்ம்கள் வேண்டும். வழக்கமாக அவை மூன்று. ஒவ்வொரு நார்முக்கும் 2600 அளவிலான ஆட்டத்தைக் காட்ட வேண்டும். எதிர்த்து ஆடியவர்களின் சராசரி ரேட்டிங் 2380-க்குக் குறையக் கூடாது. ஒன்பது ஆட்டப் போட்டியில் எதிராளிகளில் குறைந்தது மூன்று பேர் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வேண்டும்.

இதற்குள் ஒரு நுட்பமான பேரம் இருக்கிறது. எதிராளிகளின் சராசரி 2380 என்றால் ஒன்பதுக்கு ஏழு புள்ளி எடுக்க வேண்டும். 2480 என்றால் ஆறு போதும். 2600 என்றால் நாலரையே போதும். அதாவது வென்றதும் தோற்றதும் சமமாக இருந்தாலும் நார்ம் கைக்கு வந்துவிடும். 2380-க்குக் கீழே இறங்கினால் ஒன்பதுக்கு ஒன்பது எடுத்தாலும் நார்ம் இல்லை. எவ்வளவு சீக்கிரம் பெரிய ஆட்களோடு மோதுவது என்பதை ஆட்டக்காரரே தேர்ந்துகொள்ளலாம், ஆனால் மெலிந்தவர்களை மட்டும் அடித்து யாரும் மேலே போக முடியாது. வைல்டரின் 32 நாக்-அவுட்டுகளை இப்படி ஒரு தராசில் வைக்கக் குத்துச்சண்டையில் கட்டாய விதி எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதை மானுவேல் ஆரோனிடம் தொடங்குகிறது. பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961-ல், கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழான இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தை இந்தியாவில் முதலில் பெற்றார். மறுஆண்டு ஸ்டாக்ஹோமில், உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றாக நடந்த இன்டர்ஸோனல் போட்டிக்குப் போனார். பாபி ஃபிஷர் வென்ற போட்டி அது. ஆரோனுக்குக் கடைசி இடம். ஆனால் அந்தக் கடைசி இடத்துக்காரர் ஹங்கேரியின் போர்டிஷையும் ஜெர்மனியின் ஊல்மனையும் வீழ்த்தியிருந்தார். அப்படிப்பட்ட எதிராளிகளோடு ஆண்டுக்கு நான்கு போட்டி ஆடக் கிடைத்திருந்தால் அவர் எங்கே போயிருப்பார்? இந்தியாவுக்கு அடுத்த இன்டர்நேஷனல் மாஸ்டரான ரவிக்குமார் வந்தது 1978-ல். நடுவே பதினேழு ஆண்டுகள். திறமை இல்லாமல் போகவில்லை. உட்கார்ந்து மோத ஆள் இல்லை.

ஆரோன் செய்த பெரிய காரியம் அதற்குப் பிறகு. 1972-ல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் அவர் முயற்சியில் தால் செஸ் கிளப் தொடங்கியது. அங்கே மின்னல் ஆட்டத்தில் வென்றவர் நாற்காலியிலேயே இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். விஸ்வநாதன் ஆனந்த் என்ற சிறுவன் பெரியவர்களோடு மோதி மோதி வளர்ந்த இடம் அது. அதே ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது 1988-ல் கோயம்புத்தூர் சக்தி ஃபைனான்ஸ் போட்டியில். வெளிநாட்டு வீரர்களை இங்கேயே வரவழைத்தார்கள். இங்கேயே பட்டம் கனிந்தது. அப்படியும் அடுத்தவரான திவ்யேந்து பருவா 1991-லும், மூன்றாமவரான பிரவீன் திப்சே 1997-லும்தான் வந்தார்கள்.

பிரணேஷ் வளர்ந்த காலத்தில் நிலைமை மாறியிருந்தது. அவருக்குப் பயிற்சி தந்தவர் கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ், பிரக்ஞானந்தாவை வளர்த்தவரும் அவரே. மூன்று நார்ம்களையும் முடித்துவிட்டு 2500 என்ற எண்ணுக்காகக் காத்திருந்த பிரணேஷ், ஆரோன் கடைசியாக வந்த அதே ஸ்டாக்ஹோமில், புத்தாண்டை ஒட்டி நடக்கும் ரில்டன் கோப்பையில் ஆடினார். பட்டியலில் அவருக்கு மேலே பல கிராண்ட்மாஸ்டர்கள் இருந்தார்கள். எண்ணைத் தாண்டியதோடு போட்டியையும் வென்று திரும்பினார்.

நார்முக்குக் குறை இல்லாமல் இல்லை. மூன்று கிராண்ட்மாஸ்டர்களையும் தேவையான வெளிநாட்டவரையும் சேர்த்து, நார்ம் தேடுபவர்களிடம் கட்டணம் வாங்கி நடத்தும் சிறிய போட்டிகள் பல நாடுகளில் உண்டு. புரமோட்டர் ஆள் பிடிக்கும் வேலையின் மறுவடிவம் அது. 2021-ல் அமெரிக்கச் சிறுவன் அபிமன்யு மிஸ்ரா மாதக்கணக்கில் புடாபெஸ்டில் தங்கி அடுத்தடுத்துப் போட்டிகள் ஆடி, 12 வயது 4 மாதத்தில் உலகின் இளம் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது பலர் முகம் சுளித்தார்கள். அவசரப்பட்ட பட்டம் என்றார்கள். 2025 செப்டம்பரில் சமர்கண்டில் உலகச் சாம்பியன் குகேஷையே அவர் வீழ்த்திவிட்டார். சீக்கிரம் மோத விட்டதால் அந்தப் பிள்ளை கெட்டுப்போகவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

என் கட்சி அதுதான்: சதுரங்கத்தில் சீக்கிரமே மோத விடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு ரேட்டிங் வேகமாக நகரும்படி விதி இருப்பதால், 1800 ரேட்டிங் உள்ள பள்ளிப்பிள்ளை 2000-காரரிடம் தோற்றால் போவது பத்துப் புள்ளிக்கும் குறைவு, வென்றால் வருவது முப்பது. குத்துச்சண்டைக்கு இதை அப்படியே சொல்ல மாட்டேன். 1982 நவம்பரில் கொரியாவின் கிம் டுக்-கூ பட்டச் சண்டையில் அடிபட்டு இறந்த பிறகே பதினைந்து ரவுண்டு பன்னிரண்டாகக் குறைந்தது. அங்கே அவசரத்துக்கு உடம்பு விலை கொடுக்கும். அதனால்தான் அங்கே எதிராளியின் தரத்தை அளக்கும் எண் இன்னும் கூடுதலாகத் தேவை. அதை வியாபாரத்தின் கையில் விட்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சதுரங்கத்தில் வேகத்தைத் தடுப்பது வேறொன்று. காரைக்குடியில் ஒரு பிள்ளை ஊரின் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் சீக்கிரமே வென்றுவிடுவான். அடுத்த எதிராளியைத் தேடி விடியற்காலைப் பல்லவனில் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும். அதற்கு அடுத்த எதிராளிக்கு விசா, விமானச் சீட்டு, குளிர்க் கோட்டு. 2380 சராசரி என்ற வாசல் எல்லோருக்கும் ஒரே உயரம்தான். அது யார் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை ஈலோவின் கணக்கு கேட்பதில்லை. திருச்சியிலும் மதுரையிலும் ஆண்டுக்கு இரண்டு சர்வதேசப் போட்டி நடத்தினாலே எத்தனையோ வீடுகள் கடன் வாங்காமல் பிழைக்கும். அரசும் தொழில் குடும்பங்களும் செய்ய முடிந்த காரியம் இது. கோயம்புத்தூர் 1988-லேயே செய்து காட்டியிருக்கிறது.

சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி இப்போது அந்த வழியில் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் அதன் சேலஞ்சர்ஸ் பிரிவில் ஒன்பதுக்கு ஆறரை எடுத்து முதலிடம் பெற்றவர் பிரணேஷ். அதற்குப் பரிசுப் பணத்தோடு கிடைத்தது, 2026-ல் மாஸ்டர்ஸ் பிரிவில் ஓர் இடம். அவர் வென்ற அதே நாட்களில் பக்கத்து மேசைகளில் நடந்த மாஸ்டர்ஸ் பிரிவில் முதலிடம் பிடித்தவர் ஜெர்மனியின் வின்சென்ட் கைமர். அந்தத் தரத்து ஆட்கள் தன்னைவிட 100 புள்ளி மேலே இருந்தால், நூறு ஆட்டத்தில் 36 புள்ளி எடுக்க வேண்டும் என்பது பிரணேஷுக்கு ஈலோ வைத்திருக்கும் கணக்கு. 37 எடுத்தால் ஏறத் தொடங்குவார்.