கதவைத் தட்டினால்

நாவல் எழுதுகிறவனுக்கு நல்லவர்களைக் கண்டால் கொஞ்சம் பயம். கெட்டவன் ஒருவன் அகப்பட்டுவிட்டால் போதும். இருபது அத்தியாயங்களை அவனே இழுத்துக்கொண்டு போய்விடுவான். நல்லவன் அப்படியல்ல. முதல் அத்தியாயத்தில் ஒரு நல்ல காரியம் செய்வான். இரண்டாவதில் இன்னொன்று செய்வான். மூன்றாவது அத்தியாயத்தில் வாசகர் கொட்டாவி விடுவார்.

இந்த ரகசியத்தை ஒரு வாசகி கண்டுபிடித்துவிட்டார். "உங்கள் கதைகளில் நல்லவர்கள் எல்லோரும் ஒன்று செத்துப்போகிறார்கள்; இல்லாவிட்டால் சாமியாராகப் போய்விடுகிறார்கள். குழந்தை குட்டிகளோடு குடித்தனம் செய்துகொண்டு, நல்லவர்களாகவும் இருக்கிறவர்கள் உலகத்தில் கிடையாதா?" என்று கேட்டு எழுதியிருந்தார். கடிதத்தைப் பல நாள் மேஜைமேல் வைத்திருந்தேன். கதையில் பதில் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் இல்லை. சரித்திரத்திலிருந்து சொல்கிறேன்.

பிரெஞ்சு தேசத்தின் தென்பகுதியில் மலைமேல் லெ ஷாம்போன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். மாரிக்காலத்தில் பனி மூடிவிடும். காற்று முகத்தை அறுக்கும். மாடு வளர்ப்பதும் பயிர் செய்வதுமாகக் காலம் தள்ளுகிற ஜனங்கள். கோடையில் பட்டணத்துக் குழந்தைகள் நல்ல காற்றுக்காக வந்து தங்குவார்கள். அதற்காக ஊரில் விடுதிகள் உண்டு. இதுதான் ஊரின் பெருமை எல்லாம். இந்த ஊருக்கு நான் போனதில்லை. புத்தகங்களின் வழியாகத்தான் பழக்கம்.

இங்கே வசித்தவர்களில் பெரும்பாலோர் பிராடஸ்டண்டு கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கரே நிறைந்த பிரான்சில் அவர்கள் மிகச் சிறுபான்மையினர். 1598-ல் நான்காம் ஹென்றி மன்னர் நாந்து நகரத்துச் சாசனத்தினால் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார். 1685-ல் அவருடைய பேரர் பதினான்காம் லூயி அந்தச் சாசனத்தை ரத்து செய்தார். கோயில்கள் இடிக்கப்பட்டன. பாதிரிமார்கள் நாடு கடத்தப்பட்டார்கள். பிடிபட்ட ஆண்களைக் கப்பலில் துடுப்புப் போடும் அடிமைகளாக்கினார்கள். பெண்களைச் சிறையில் தள்ளினார்கள். ஜனங்கள் காட்டிலும் பாறை மறைவிலும் ரகசியமாகக் கூடிச் சங்கீதம் பாடினார்கள்.

அந்த மலைப் பிரதேசத்தைச் சேர்ந்த மாரி துரான் என்ற பெண்ணை 1730-ல் பிடித்து, ஏக்மோர்த் நகரத்துக் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. "என் மதத்தை விட்டுவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறக்கும். அவள் சொல்லவில்லை. 1768-ல், முப்பத்தெட்டு வருஷம் கழித்து, கிழவியாக வெளியே வந்தாள். அந்தச் சிறையின் கல்லில் 'எதிர்த்து நில்' என்ற பொருளுள்ள ஒரு சொல் செதுக்கியிருக்கிறது. அது அவள் கைவேலை என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள்.

அடிபட்டவர்களின் சந்ததிக்கு இரண்டு வழிகள் உண்டு. "எங்களை அடித்தார்களே" என்று தலைமுறை தலைமுறையாகக் கறுவிக்கொண்டிருக்கலாம். அல்லது, அடிபடுகிற இன்னொருவனைக் கண்டதும், "இது எங்கள் பாட்டன் பட்ட பாடு அல்லவா?" என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். உலகத்தில் முதல் வழியில் போகிறவர்களே அதிகம். லெ ஷாம்போன் ஜனங்கள் இரண்டாவது வழியில் போனார்கள்.

1940-ஆம் வருஷம் ஜூன் மாதம் பிரான்ஸ் ஹிட்லரிடம் தோற்றது. ஜூன் 22-ந் தேதி போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரின் பாதிரியார் ஆந்த்ரே ட்ரோக்மேயும் அவருடைய சகா எதுவார் தேய்ஸும் கோயிலில் கூடியிருந்தவர்களிடம், மனச்சாட்சிக்கு விரோதமான பலாத்காரத்தை ஆன்மாவின் ஆயுதங்களால் எதிர்ப்பதே கிறிஸ்தவனின் கடமை என்று சொன்னார்கள். ட்ரோக்மேயின் தகப்பனார் பிரெஞ்சுக்காரர், தாயார் ஜெர்மானியர். யாரையும் பகைவன் என்று அழைக்க அவருக்கு நா எழாது. யாரையும் கொல்லக் கூடாது என்பது அவருடைய விரதம்.

பிரசங்கம் செய்வது சுலபம். பிரசங்கம் நடந்த சில மாதங்களில், பனி கொட்டிய ஒரு நாள், பாதிரியார் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். அவர் மனைவி மக்தா கதவைத் திறந்தார். நான்கு குழந்தைகளுக்குத் தாய். அடுப்பில் ஏதோ வேலையாக இருந்தவர். வாசலில் பனியில் நனைந்து நடுங்கிக்கொண்டு ஒரு பெண். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். "உள்ளே வரலாமா?" என்று கேட்டாள். "இதென்ன கேள்வி? வாருங்கள்" என்றார் மக்தா.

இங்கேதான் கதாசிரியன் ஏமாந்துபோவான். நான் எழுதியிருந்தால் அந்தப் பெண் அன்றைக்கே பிழைத்திருப்பாள். நடந்தது வேறு. மக்தா நல்ல பிரஜையாக ஊர்த் தலைவரிடம் போய், விருந்தாளிக்கு முறையான சீட்டு வாங்கித் தரும்படி கேட்டார். ஊர்த் தலைவர் பதறிப்போனார். அந்நியப் பெண் ஒருத்திக்காக ஊரையே ஆபத்தில் மாட்டுவதா, உடனே அனுப்பிவிடுங்கள் என்றார். மக்தா வேறு வழியின்றி அவளை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த முதல் தவறை அவர் மறக்கவில்லை. இனிமேல் கதவைத் திறப்பதற்கு அதிகாரிகளிடம் அனுமதி கேட்பதில்லை என்பது அவர் கற்ற பாடம்.

அதற்குப் பிறகு கதவுகள் ஓசையில்லாமல் திறந்தன. பிரான்சின் அகதி முகாம்களிலிருந்து தொண்டர்கள் குழந்தைகளை மீட்டுக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் குவேக்கர்களும், சுவிட்சர்லாந்துக்காரர்களும், சிமாத் என்ற பிரெஞ்சுப் பிராடஸ்டண்டு இளைஞர் சங்கமும் பணமும் ஆளும் கொடுத்தார்கள். கோடை விடுதிகள் குழந்தைகள் இல்லங்களாயின. ஊர்ப் பள்ளிக்கூடம் நிறைந்தது. இடம் போதாதவர்கள் சுற்றுவட்டாரத்துப் பண்ணை வீடுகளுக்குப் போனார்கள். "பழைய ஏற்பாடு இரண்டு பிரதி வந்திருக்கிறது" என்று சொல்லியனுப்புவார்களாம். யூதர் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் குடியானவர்களுக்குப் பைபிளின் பழைய ஏற்பாடு மனப்பாடம். ஆபிரகாமின் ஜனங்கள் வாசலில் வந்து நின்றால் அவர்களுக்கு அது வேற்று ஜாதியாகத் தோன்றவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர்கள் பொய் சொல்லுவதைப் பாவமென்று மனப்பூர்வமாக நம்பியவர்கள். அகதிகள் பிழைக்க வேண்டுமானாலோ பொய்ப் பெயரில் அடையாளச் சீட்டும் ரேஷன் சீட்டும் வேண்டும். அவை ஏராளமாகத் தயாராயின. அந்தப் பாவத்தை மனம் நோகாமல் செய்தார்கள் என்று எண்ண வேண்டாம். நோவு இருந்தது, செய்தார்கள். கை அழுக்காகாமல் செய்கிற நல்ல காரியங்கள் சில உண்டு. இது அந்த வகை அல்ல.

1942 ஜூலையில் பாரிஸ் நகரத்தில் இரண்டே நாட்களில் பதின்மூவாயிரம் யூதர்களைப் பிரெஞ்சுப் போலீசாரே பிடித்தார்கள். அவர்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். ஆகஸ்டில் சர்க்காரின் இளைஞர் இலாகா மந்திரி லெ ஷாம்போனுக்கு விஜயம் செய்தார். மாலை மரியாதைக்குப் பதிலாகப் பள்ளி மாணவர்கள் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். "எங்கள் நடுவில் யூதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நாங்கள் வித்தியாசம் பார்ப்பதில்லை" என்பது அதன் சாரம். சில வாரங்களில் பஸ்களோடு போலீஸ் வந்தது. ட்ரோக்மேயிடம் பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். கொடுக்க மறுத்துவிட்டார். அகதிகள் ஏற்கெனவே காட்டுக்குள் போய்விட்டிருந்தார்கள். பல நாள் தேடியும் பஸ்கள் நிறையவில்லை. அகப்பட்ட ஓர் ஆள் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தபோது பாதிரியாரின் மகன் தன்னிடமிருந்த சாக்லேட் துண்டை நீட்டினான். அவனைப் பார்த்து ஊரார் ஒவ்வொருவராகத் தின்பண்டம் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

1943 பிப்ரவரியில் ட்ரோக்மேயையும் தேய்ஸையும் கைது செய்ய வந்தார்கள். சாப்பாட்டு வேளை. வந்த போலீஸ்காரர்களையும் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார் மக்தா. எப்படி மனம் வந்தது என்று பிற்காலத்தில் கேட்டபோது, சாப்பாட்டு நேரத்தில் வந்தவர்களை வேறு என்ன செய்வது என்பது போலத்தான் பதில் சொன்னார்! முகாமில் இரண்டு பாதிரிமாரையும், சர்க்காருக்குக் கீழ்ப்படிவதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்கள். இருவரும் எழுதிக் கொடுக்க மறுத்தார்கள். எப்படியோ சில வாரங்களில் விடுதலையும் கிடைத்தது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1943 ஜூன் 29-ந் தேதி ஜெர்மானிய ரகசியப் போலீசார் மாணவர் விடுதி ஒன்றைச் சூழ்ந்துகொண்டு பதினெட்டு மாணவர்களைப் பிடித்தார்கள். விடுதியின் பொறுப்பாளர் தானியேல் ட்ரோக்மே, பாதிரியாரின் உறவினர், அப்போது வேறொரு வீட்டில் இருந்தார். ஓடியிருக்கலாம். பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குத் தாமாகவே போனார். 1944 ஏப்ரலில் போலந்து தேசத்து மைதானெக் முகாமில் இறந்தார். ஊர் டாக்டர் ரொஜே லெ ஃபொரெஸ்தியேயை அதே வருஷம் ஆகஸ்டில் லியோன் நகரத்துக்கு அருகில் சுட்டுக் கொன்றார்கள்.

ஆக, எத்தனை பேர் பிழைத்தார்கள்? ஐயாயிரம் என்று சிலர் கணக்குச் சொல்கிறார்கள். அவ்வளவு இராது என்கிறார்கள் வேறு சிலர். ஒளித்து வைத்தவர்கள் கணக்கு எழுதி வைக்கவில்லை. கத்தோலிக்கர்களும், எந்தக் கோயிலுக்கும் போகாதவர்களும்கூட இந்தக் காரியத்தில் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 1990-ல் ஜெருசலேமிலுள்ள யாத் வாஷேம் ஸ்தாபனம், தனி மனிதர்களுக்குக் கொடுக்கும் கௌரவத்தை இந்த ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது. ஊர் முழுவதற்கும் அப்படிக் கொடுத்தது மிக அபூர்வம்.

யுத்தம் முடிந்து பல வருஷங்களுக்குப் பிறகு, அந்த ஊரில் ஒளிந்திருந்த யூதப் பெற்றோருக்கு அங்கேயே 1944-ல் பிறந்த பியேர் சோவாழ் என்பவர், காமிராவுடன் திரும்பி வந்தார். முதியவர்களான குடியானவர்களிடம் ஏன் செய்தீர்கள் என்று கேட்டார். அவர்கள் சங்கடப்பட்டார்கள். "பழக்கமாகிவிட்டது" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தார்கள்.

பழக்கம்! வாசகிக்கு நான் சொல்ல வந்த பதில் இந்த ஒரு வார்த்தைதான். அதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்து இரவு. அடைமழை. பத்து மணிக்கு மேல் என் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். தோளில் ஒரு குழந்தையோடு ஒருவர். பஸ் தவறிவிட்டது, மழை விடும்வரை திண்ணையில் இருக்கட்டுமா என்றார். திண்ணைக்குக் கம்பி அடித்துப் பூட்டியிருந்தேன். சாவி என் கையில் இருந்தது. "கோடியில் சத்திரம் இருக்கிறது ஐயா, அங்கே போங்கள்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சத்திரம் பூட்டிக் கிடக்கும் என்பது படுக்கப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்க் கூப்பிட்டிருக்கலாம். போகவில்லை.

நான் கெட்டவனா? அப்படி எண்ணவில்லை. மனிதாபிமானத்தைப் பற்றி அந்த வாரம்கூட எழுதியிருந்தேன் என்று ஞாபகம். ஆனால் கதவு தட்டப்படுகிற சமயத்தில் மனிதன் யோசிக்கத் தொடங்கினால், யோசனை எப்போதும் பூட்டின் பக்கம்தான் பேசும். மக்தா யோசிக்கவில்லை. அவருக்கு முந்திய பல தலைமுறைகளும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அடுப்பங்கரையில் கழிந்த ஒவ்வொரு நாளும் அவருக்காக முன்பே யோசித்து வைத்திருந்தன. கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று.

அம்மா, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்: அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். குழந்தை குட்டிகளோடு குடித்தனம்தான் செய்கிறார்கள். அவர்களை வைத்து நாவல் எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை. திண்ணைக் கம்பியின் பூட்டை மட்டும் எடுத்துவிட்டேன்.