மலையும் அடிவாரமும்: பழனி, கொடைக்கானல் கடைத்தெருக்களின் உணவு வரலாறு

பழனி மலைத்தொடருக்கு வரும் வெளியூரார் பலர் கோயிலையும் ஏரியையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். ஆயினும் பழனி அடிவாரத்துச் சன்னதி வீதியிலும், கொடைக்கானலின் வாரச்சந்தையிலும், அவற்றையொட்டிய சந்துகளிலும் விற்கப்படும் உணவுப்பொருள்களே, மலைக்கும் சமவெளிக்கும் இடையே நெடுங்காலமாக நடந்துவரும் கொடுக்கல் வாங்கலுக்கு நம்பத்தக்க சான்றுகளாக உள்ளன. இக்கடைகளின் வரலாறு, பொருளை விளைவித்தவர்கள், அதைச் சுமந்தவர்கள், அது வந்த பாதைகள் ஆகிய மூன்றின் வரலாறாகும்.

அவற்றுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது பஞ்சாமிர்தம். மலைவாழைப்பழம், சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய் ஆகிய ஐந்தையும் பிசைந்து, பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேர்த்து, முருகனுக்கு அபிடேகப் பொருளாகவும் அடியார்க்குப் பிரசாதமாகவும் வழங்கப்படும் இது, 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு பொருளின் தன்மை அது பிறந்த மண்ணோடு பிரிக்கமுடியாதது என்பதைச் சட்டப்படி ஏற்கும் சான்றே புவிசார் குறியீடு. இதற்கு உயிரான விருப்பாச்சி மலைவாழை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலையூர்களில் காப்பித் தோட்டங்களின் ஊடே விளைவது. இப்பழத்தில் நீர்ச்சத்து குறைவாக இருப்பதாலும், கலவையில் தண்ணீர் சேர்க்கப்படாததாலும், பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் நெடுவழிப் பயணத்தைத் தாங்குகிறது. அடிவாரத்துக் கடைகள் ஊரூராகச் செல்லும் பயணிகளை நம்பி வளர்ந்ததற்கு இத்தன்மையே அடிப்படை எனலாம். செட்டிநாட்டு நகரத்தார் காவடியில் சர்க்கரை சுமந்து பழனிக்கு நடந்து வருவதும், எடப்பாடி அடியார்கள் மலைமேல் தங்கித் தாங்களே பெருமளவில் பஞ்சாமிர்தம் பிசைவதும், இவ்வுணவு தொலைவிலுள்ள ஊர்களையும் ஒரே வழிபாட்டில் இணைத்ததைக் காட்டுகின்றன.

மேல்மலையின் கதை வேறுவகையானது. 1821இல் ஆங்கிலேய அதிகாரி வார்டு இம்மலைகளை நில அளவை செய்தார்; 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்பும் இடமாகக் கொடைக்கானலில் வீடுகள் கட்டினர். 1875இல் ரயில் சமவெளியிலுள்ள அம்மையநாயக்கனூரை எட்டிய பின்னும், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மேலே செல்ல நடைபாதையே இருந்தது. வசதி படைத்தோரை ஆட்கள் டோலியில் சுமந்தனர், அரிசியும் உப்பும் பிற மளிகையும் தலைச்சுமையாகவும் பொதிக்குதிரை மீதும் ஏறின. ஆதலால், குடியேறியோர் தமக்கு வேண்டிய உருளைக்கிழங்கு, பேரி, பிளம்ஸ் முதலியவற்றை மலையிலேயே பயிரிட முனைந்தது இயல்பே. 1916இல் லா என்னும் அதிகாரியின் பெயரால் வழங்கும் மலைச்சாலை திறக்கப்பட்டபோது, விளைச்சல் சமவெளிக்கு இறங்கவும் பயணிகள் திரளாக ஏறவும் வழி பிறந்தது.

அச்சாலையின் பயனை ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் இன்றும் காணலாம். பூம்பாறை, மன்னவனூர் முதலிய மேல்மலைக் கிராமங்களின் படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டு, பேரிக்காய், தாட்பூட் பழம், பட்டர் பீன்ஸ், கேரட் எனக் குடியேறிய பயிரும் பழம்பயிரும் அங்கே ஒரே சாக்கின்மேல் பரப்பப்படுகின்றன. காரமும் மணமும் மிக்க அப்பூண்டுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பயிர்களைப் போலவே சமைத்த உணவும் இங்கே குடியேறியது: திபெத்திலிருந்து 1959க்குப் பின் வெளியேறிய மக்களின் சிற்றுணவகங்கள் கொடைக்கானலின் பி.டி. சாலையில் அமைந்து, கொழுக்கட்டையைப் போல ஆவியில் வேகும் மோமோவையும், துக்பா என்னும் நூடுல்ஸ் சூப்பையும் இக்குளிரூரின் உணவாக்கிவிட்டன.

எனினும் இச்செழிப்பு உறுதியானதன்று. அசுவினிப் பூச்சியால் பரவும் முடிக்கொத்து நோய் 1970களில் கீழ்ப்பழனியின் மலைவாழைத் தோட்டங்களை அழித்து, அவற்றின் பரப்பைப் பெரிதும் சுருக்கியது. நோயற்ற கன்றுகளை உருவாக்கும் வேளாண் ஆய்வாளரின் உழைப்பும், தோட்டத்தை விட்டுவிடாத சிறு விவசாயிகளின் பிடிவாதமுமே மலைவாழையைக் காத்துவருகின்றன. பஞ்சாமிர்த டப்பாவை வாங்கும் பயணி, அதன் பழம் எந்த மலையூரிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்பதும், மலைப்பூண்டை விளைவித்தவரிடமே சந்தையில் வாங்குவதும் சிறு செயல்களே. ஆயினும் புவிசார் குறியீடு காகிதத்தில் தரும் காப்பு, விளைவிப்பவருக்கு உரிய விலை கிடைக்கும்போதுதான் தோட்டத்தைச் சென்றடையும் என்பதால், மலையின் உணவு மரபு நிலைப்பதில் வாங்குவோருக்கும் மெய்யான பங்கு உண்டு.